தெருமுனைக் குப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு தென்சென்னையில் இருக்கிறது. அறுபது வீடுகள், இரண்டு டீக்கடை, ஒரு டிபன் கடை, ஒரு காலி மனை. குடியிருப்போர் சங்கத்தில் குப்பை விஷயத்தை ஆறு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துத் தெருக்காரர்களும் புதிதாகக் குடி வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சென்னை மாநகராட்சிப் பகுதியை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் புகார் எண்ணும் வண்டி நேரமும் மாறும்.

தினமும் பெருக்குகிறார்கள், வண்டியும் வருகிறது. அப்படியும் தெருமுனையில் குப்பை குவிகிறதே, ஏன்?

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு வாரம் அந்த முனையைக் கவனித்து நோட்டில் எழுதினோம். யார் என்று எழுதவில்லை. எத்தனை மணிக்கு, கையில் என்ன, அவ்வளவுதான்.

வண்டி காலை ஏழு மணி வாக்கில் வரும். ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர், மூன்றாவது மாடியிலிருந்து இறங்க முடியாத பெரியவர், இவர்கள் யாருக்கும் வண்டி கிடைப்பதில்லை. மீன் கழுவிய குப்பையை இன்னொரு நாள் வீட்டில் வைத்திருக்க முடியுமா? இரவு ஒன்பதுக்கு மேலோ விடிவதற்கு முன்போ கவரில் கட்டி முனையில் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். "போகும்போது இதைப் போட்டுடும்மா" என்று கொடுத்தனுப்புகிறோம். எங்கே போடுவது என்று சொல்வதில்லை. அவர் பத்து மணிக்கு வேலை முடிந்து இறங்கும்போது வண்டி அடுத்த வார்டுக்கே போயிருக்கும். அவர் முனையில் போடுவார், திட்டும் அவருக்குத்தான் விழும். குப்பை நம் வீட்டுடையது.

ஒரு கவர் விழுந்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அது குப்பை போடும் இடமாகத் தெரியும். நாய் கிழிக்கும், காற்று இழுக்கும், மதியத்துக்குள் தெரு முழுக்கப் பரவும். குப்பை வீட்டைவிட்டுப் போக வேண்டிய நேரமும் வண்டி வரும் நேரமும் ஒத்துவராததுதான் எங்கள் தெருவின் பாதிப் பிரச்சினையாக இருந்தது.

அந்தக் குவியலை எப்படி ஒழித்தீர்கள்?

முதலில் வண்டி ஓட்டி வரும் அக்காவிடம் போய்ப் பேசினோம். "ஏழு மணின்னுதான் எங்களுக்கும் சொல்லியிருக்காங்க சார். லாரி வந்து லோடு எடுக்க லேட்டாச்சுன்னா எட்டரை ஆயிடும்" என்றார். அது வரைக்கும் இந்தச் சின்ன விஷயம்கூட எங்களுக்குத் தெரியாது. பேட்டரி வண்டி நிறைந்துவிட்டால் பெரிய லாரி வந்து எடுத்த பிறகுதான் அவர் அடுத்த தெருவுக்கு வர முடியும். இப்போது வண்டி பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்ததுமே அந்தத் தெருக்காரர் ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போட்டுவிடுவார்.

அப்புறம், வண்டியைத் தவறவிடுகிறவர்களுக்காக முனை வீட்டு கேட்டுக்கு உள்ளே மூடி போட்ட ஒரு டிரம் வைத்தோம். அந்த வீட்டு அம்மா பெரிய மனதோடு சம்மதித்தார். நாறும் என்று அவருக்குப் பயம் இருந்தது. மக்கும் குப்பை மட்டும், கவர் இல்லாமல், மேலே ஒரு கை காய்ந்த இலை என்று ஏற்பாடு செய்தோம். காலையில் வண்டி வந்ததும் டிரம்மைக் காலி செய்கிறார்கள். முறை வைத்து வாரம் ஒரு வீடு அதைக் கழுவுகிறது.

இது இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் முனையைச் சுத்தம் செய்தோம். வரிசை முக்கியம். போட வேறு வழி செய்யாமல் இடத்தை மட்டும் கழுவிக் கோலம் போட்டால் மூன்றே நாளில் குவியல் திரும்பிவிடும்; முன்பு இரண்டு தடவை எங்களுக்கே அப்படி ஆனது. இந்தத் தடவை மண்ணைச் சுரண்டி, சுவருக்கு வெள்ளை அடித்து, நாலு செடித்தொட்டி வைத்து, எரியாமல் கிடந்த தெருவிளக்குக்குப் புகார் கொடுத்து எரியவைத்தோம். முதல் மூன்று வாரம் இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை யாராவது ஒருவர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கவரோடு வந்தவர்களிடம் சண்டை போடவில்லை. டிரம் இருக்கும் இடத்தைக் காட்டினோம்.

முனையில் பெரிய குப்பைத் தொட்டி வைத்தால் எளிதில்லையா?

வீட்டுக் குப்பைக்கு வேண்டாம். பெரிய தொட்டி வைத்தால் சுற்றியுள்ள பத்துத் தெருக் குப்பையும் அங்கே வரும். தொட்டி நிறைந்ததும் அதைச் சுற்றிப் போடுவார்கள், பிறகு தூரத்திலிருந்து வீசுவார்கள். நடந்து போகிறவர்களுக்கான சின்னத் தொட்டி வேறு விஷயம். பஸ் ஸ்டாப், டீக்கடை, பள்ளிக்கூட வாசல் இங்கெல்லாம் அது கட்டாயம் வேண்டும். மிட்டாய்க் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எவ்வளவு தூரம்தான் நடக்கும்?

முன்பெல்லாம் எக்ஸ்னோரா வண்டி வருமே. அது என்ன ஆயிற்று?

சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய இயக்கம் எக்ஸ்னோரா. ஒரு தெருக்காரர்கள் மாதாமாதம் ஒரு தொகை போட்டு, மூன்று சக்கர சைக்கிளோடு ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவர்களே பல இடங்களில் அந்த வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் 'தெருவை அழகுபடுத்துபவர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததில் இருந்த மரியாதை எனக்கு இன்றும் பிடிக்கும். மாநகராட்சியும் தனியார் ஒப்பந்தக்காரர்களும் வீடு வீடாக வந்து வாங்கத் தொடங்கிய பிறகு பெரும்பாலான தெருக்களில் அந்த வண்டிக்குத் தேவை இல்லாமல் போனது. கூடவே, மாதம் ஒருமுறை தெருவே உட்கார்ந்து பேசும் வழக்கமும் போனது. வண்டி போனதைவிட அது போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. பேட்டரி வண்டியில் தனித்தனித் தொட்டிகள் இருப்பது அதற்காகத்தான். கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டினால் போட்டோ எடுத்துப் புகார் செய்யுங்கள். வண்டி ஓட்டுகிறவர்மேல் கோபப்படாதீர்கள். தெருவில் முக்கால்வாசி வீடு கலந்து கொடுத்தால், நடுரோட்டில் நின்றுகொண்டு அவர் எப்படிப் பிரிப்பார்?

இதில் நமக்கே ஒரு லாபம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. வீட்டுக் குப்பையில் நாறுவது மக்கும் குப்பை மட்டும்தான். எடையில் பாதிக்கு மேல் அதுதான். அதைத் தனியே எடுத்துவிட்டால் மற்றதைப் பத்து நாள்கூடப் பால்கனியில் ஒரு சாக்கில் போட்டு வைக்கலாம். வண்டியைத் துரத்த வேண்டியதில்லை. பேப்பர், பால் கவர், பாட்டில், அட்டை எல்லாம் காயலான் கடையில் காசாகும். ஆயிரம் ரூபாய் வராது. ஆனால் அலசிக் காயவைத்த பால் கவரை எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நாப்கின், டயாபர், உடைந்த கண்ணாடி, ஊசி?

நாப்கினையும் டயாபரையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பேப்பர்மேல் சிவப்பில் ஒரு பெரிய புள்ளி வைத்தால் வாங்குகிறவருக்குப் பிரிக்காமலே தெரிந்துவிடும். உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புப் பேப்பரில் சுற்றி, பழைய அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கையில் கொடுங்கள், வாயால் சொல்லியும் கொடுங்கள். இன்சுலின் ஊசியை மூடி இறுகிய கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்துவைத்து நிறைந்ததும் கொடுக்கலாம். எங்கள் தெருவுக்கு வரும் ஒரு அக்காவின் உள்ளங்கையில் பாட்டில் கிழித்த தழும்பு இருக்கிறது. கையுறைக்கு மேலேயே கிழித்துவிட்டது.

பால் கவரின் முனையை வெட்டிப் போடக் கூடாது என்கிறார்களே?

ஆமாம். வெட்டிய அந்தச் சின்ன முக்கோணத்தைப் பெருக்கவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. நேரே வடிகாலுக்குள் போய்விடும். முழுதாக வெட்டாமல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். ஷாம்பு பாக்கெட்டுக்கும் இதேதான்.

வீட்டிலேயே உரம் போடலாமா? நாறாதா, புழு வராதா?

ஈரம் அதிகமானால்தான் நாறும். ஓட்டை போட்ட மண்பானையோ பழைய பெயிண்ட் டப்பாவோ போதும். அடியில் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ, மேலே காய்கறித் தோல், அதன்மேல் மறுபடியும் இலை. ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். கிளறிவிட்டுக்கொண்டே இருந்தால் நாற்பத்தைந்து, அறுபது நாளில் மண் வாசனை வரும். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சாப்பாடு போட வேண்டாம். இடமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், பிரித்துக் கொடுத்தாலே போதும். அது மாநகராட்சியின் உரமாக்கும் மையத்துக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. கலந்து கொடுத்தால் வாய்ப்பே இல்லை.

டீக்கடை வாசலில் பேப்பர் கப் மலைபோல் கிடக்கிறது. பேப்பர்தானே, மக்கிவிடாதா?

மக்காது. டீ ஊறாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறையப் பேர் அதைத் துணிப்பை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மஞ்சப்பை வேறு, அது வேறு.

எங்கள் டீக்கடை அண்ணனிடம் தடையைப் பற்றிப் பேசியபோது, "கிளாஸ் கழுவ ஆளும் தண்ணியும் யார் தர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலை நெரிசலில் கிளாஸ் போதாது என்பதுதான் அவருடைய சிக்கல். சங்கத்திலிருந்து கூடுதலாக நாலு டஜன் கண்ணாடி கிளாஸ் வாங்கிக் கொடுத்தோம். பார்சல் வாங்க வருகிறவர்களைத் தூக்கு கொண்டுவரச் சொன்னோம். அவருடைய கடையில் கப் நின்றுவிட்டது. இன்னொரு கடையில் இன்னும் நிற்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

காலி மனையில் எல்லோரும் கொட்டுகிறார்கள். யார் பொறுப்பு?

மனையைச் சுத்தமாக வைத்திருப்பது உரிமையாளர் பொறுப்பு. மாநகராட்சி அவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். ஆள் வெளிநாட்டில் இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். எங்கள் மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். போனில் பிடித்துப் பேசியதும் வேலி போடப் பணம் அனுப்பினார். அவருடைய மனை எப்படிக் கிடக்கிறது என்று அதுவரை யாருமே அவருக்குச் சொன்னதில்லை.

வீடு இடித்த செங்கல், ஜல்லி, பழைய டைல்ஸ்?

வீட்டுக் குப்பை வண்டி இதை எடுக்காது. கட்டட இடிபாடுகளுக்கு 2016-லிருந்து தனி விதிகளே இருக்கின்றன. சென்னையில் இதற்கென்று பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மறுசுழற்சி ஆலைகள் உண்டு. வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம் இடிபாடு எங்கே போகும் என்று கேட்டு, அந்தச் செலவையும் கூலிப் பேச்சில் சேர்த்துவிடுங்கள். அதைப் பேசாமல் விட்டால் இரவோடு இரவாக ஏதாவது ஒரு முனையில், இல்லாவிட்டால் ஏரிக்கரையில் இறங்கும்.

போகி, ஆயுத பூஜை, தீபாவளி என்றால் என்ன செய்வது?

போகிக்குப் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? நாங்கள் ஒரு கட்டு வைக்கோல் மட்டும் கொளுத்துகிறோம். மேளம் அடிக்கப் பிள்ளைகளுக்கு அது போதும். பழைய துணிகளை முந்தின வாரமே சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காமல் வாசல் ஓரமாக உடைத்து, காசை எடுத்துக்கொண்ட கையோடு துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். பைக் வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவிட்டவன் என்ற முறையில் கெஞ்சியே கேட்கிறேன். பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டுங்கள். அது அபாயகரமான குப்பை. மாநகராட்சி அதைத் தனியாக எடுத்துக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறது. மற்றக் குப்பையோடு கலந்தால் அந்த ஏற்பாடே வீண்.

மழைக்காலத்துக்கு முன்பு தெருவில் எதைப் பார்க்க வேண்டும்?

வடிகாலின் வாயை. செப்டம்பர் மாதத்திலேயே நடந்து போய், ரோட்டிலிருந்து மழைநீர் இறங்கும் ஓட்டை ஒவ்வொன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்றாவது கவராலும் மண்ணாலும் அடைத்திருக்கும். பெருக்கும் மண்ணை அதற்குள் தள்ளாதீர்கள், வீட்டு வேலைக்காரர்களிடமும் சொல்லுங்கள். இளநீர்க் கூடு, தேங்காய்ச் சிரட்டை, டயர், கப் இவற்றில் தேங்கும் கொஞ்சம் நல்ல தண்ணீரே டெங்கு கொசுவுக்குப் போதும். அது சாக்கடையில் வளரும் கொசு அல்ல.

நாய்களும் மாடுகளும் கவரைக் கிழிக்கின்றனவே?

சாப்பாட்டு வாசனைக்கு வருகின்றன. மூடியுள்ள வாளியில் வையுங்கள், வண்டி வரும்போது மட்டும் வெளியே எடுங்கள். மிஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எறிந்தால் மாடு கவரோடு சேர்த்துத்தான் விழுங்கும்.

சிங்கப்பூர் மாதிரி அபராதம் போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடாதா?

சிங்கப்பூரில் 1968 அக்டோபரில் லீ குவான் யூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கியபோது அபராதம் மட்டும் வரவில்லை. கூடவே தொட்டி, பெருக்க ஆள், பள்ளிக்கூடங்களில் பிரசாரம் எல்லாம் வந்தன. இங்கேயும் அபராதம் உண்டு. லாரியில் இடிபாடு கொட்டுகிறவருக்கும், இலைக்கட்டை அப்படியே ரோட்டில் தள்ளும் கல்யாண மண்டபத்துக்கும் கண்டிப்பாகப் போட வேண்டும். வண்டி வராத தெருவில் ஒரு பாட்டிக்கு அபராதம் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புகார் எங்கே, எப்படிச் செய்வது?

மாநகராட்சிக்கு 1913. நம்ம சென்னை செயலியிலும் போட்டோவோடு போடலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மறுபடி கேட்க முடியாது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. சாக்கடை பொங்கினால் 1916. மாற்றிப் புகார் செய்து ஒரு வாரம் வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

'குப்பை எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கதவு எண் எதிரே, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். ஒரே புகாரைப் பத்து வீட்டிலிருந்து தனித்தனியாகப் போடுங்கள். நகரங்களில் 2022-லிருந்து பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள், நடக்கின்றன. கவுன்சிலரை நேரில் வைத்துக்கொண்டு கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. வண்டி நேரத்தை அரை மணி தள்ளிவைக்கச் சொல்லி நாங்கள் கேட்டது அங்கேதான், கிடைத்ததும் அங்கேதான்.

தூய்மைப் பணியாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

மாதாமாதம் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மனசார எதுவும் கொடுக்கலாம். அவர்களுக்கு அதைவிடத் தேவையான ஒன்று உண்டு: கழிப்பறை. விடிகாலை வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்கள் மதியம் வரை எங்கே போவார்கள்? அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு அடுக்குமாடிகள் கீழ்த்தளத்து வாட்ச்மேன் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கின்றன. குடிதண்ணீரும் வைத்திருக்கிறோம்.

இங்கே எடுத்த குப்பை கடைசியில் எங்கே போகிறது?

தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு. பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கம். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த, வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் சதுப்பு நிலம் அது. அதே வருஷம் ஏப்ரல் மாதம் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். கொடுங்கையூர்க்காரர்களுக்கோ சன்னலைச் சாத்துவது அன்றாடப் பழக்கம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை இப்போது இரண்டு இடங்களிலும் நடக்கிறது. நம் தெரு பளிச்சென்று இருந்து, அந்தக் குப்பை இன்னொருவர் வீட்டுப் பின்னால் கிடந்தால் அதை எப்படிச் சுத்தம் என்று சொல்வது? மக்கும் குப்பையை வீட்டிலேயே நிறுத்துங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இன்று இரவு ரயிலுக்கு ஊருக்குக் கிளம்புகிறோம். சமைத்த குப்பை இருக்கிறது, வண்டி காலையில்தான் வரும். என்ன செய்ய?

பக்கத்து வீட்டு வாளியில் போட்டுவிட்டு அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் தெரு என்றால் முனை வீட்டு டிரம் இருக்கிறது. கேட் பூட்டியிருந்தால் பெல் அடியுங்கள். பத்து மணி வரை அந்த அம்மா விழித்திருப்பார்.